ஊராட்சித் தலைவர் வேட்பாளரின் வாக்குறுதிகளை எடைபோடுவது எப்படி? முதன்முறை வாக்காளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிராம ஊராட்சித் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கப் போகும் இளைஞர்களுக்காகவும், வேலையையோ திருமணத்தையோ முன்னிட்டு வேறு ஊரிலிருந்து குடிவந்து இப்போதுதான் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சட்டமன்றத் தேர்தலில் கட்சி, கூட்டணி, முதல்வர் வேட்பாளர் என்று நம் முடிவைத் தீர்மானிக்கும் காரணங்கள் பல உண்டு. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆகிய இரு பதவிகளுக்கும் கட்சி அடிப்படையில் தேர்தல் நடப்பதில்லை. பூட்டு சாவி, ஆட்டோ போன்ற தனிச் சின்னங்களில்தான் வேட்பாளர்கள் நிற்கிறார்கள். ஆகவே அந்த மனிதரும் அவர் கையில் கொடுக்கும் நோட்டீசும் மட்டுமே நம் முன் இருக்கின்றன. அந்த நோட்டீசை வரிவரியாகச் சோதிப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு பேனாவும், ஒரு வாரப் பொறுமையும், இரண்டு மூன்று அலுவலகங்களுக்குப் போய்வரும் மனமும் போதும்.

எந்தப் பதவிக்கு நிற்கிறார் என்று முதலில் பாருங்கள்

ஊரகப் பகுதியில் வாக்குச்சாவடிக்குள் உங்களிடம் நான்கு வாக்குச்சீட்டுகள் தரப்படும். 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என நிறம் பிரிக்கப்பட்டிருந்தது. நான்கு பதவிகளுக்கும் அதிகாரம் வேறு, நிதி வேறு. ஆனால் பிரச்சாரத்தில் நால்வரும் ஒரே வாக்குறுதிகளைத் தருவதை எல்லா ஊரிலும் காணலாம். வார்டு உறுப்பினர் தனித்து எந்தப் பணியையும் செய்ய முடியாது. ஊராட்சி மன்றக் கூட்டத்தில் கோரிக்கை வைப்பதும், தீர்மானத்துக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிப்பதும், தன் தெருவின் குறைகளைத் தொடர்ந்து கவனிப்பதும்தான் அவர் வேலை. எனவே வார்டுக்கு நிற்கும் ஒருவர் சமுதாயக் கூடம் கட்டுவேன் என்று நோட்டீஸ் அடித்திருந்தால், அவர் தான் போட்டியிடும் பதவியைப் புரிந்துகொள்ளவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வாக்குறுதிகளை இரண்டாகப் பிரியுங்கள்

நோட்டீசில் உள்ள ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் இது ஊராட்சியின் வேலையா, வேறு துறையின் வேலையா என்று குறியுங்கள். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவு, கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது: ஊராட்சிச் சாலைகள், சிறு பாலங்கள், தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், தெருத் தூய்மை, பொதுக் கழிப்பறை, இடுகாடு, சுடுகாடு, குளங்கள், கிணறுகள், குடிநீர் ஆகியவை. இவை நோட்டீசில் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இவற்றுக்கு வெளியே உள்ளவை ஏராளம். பட்டா வழங்குவதும் முதியோர் உதவித்தொகைக்கு ஒப்புதல் அளிப்பதும் வருவாய்த் துறையின் பணி. வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் முடிவாகும். புதிய ரேஷன் கடை கூட்டுறவுத் துறைக்கும் உணவுப் பொருள் வழங்கல் துறைக்கும் உரியது. பேருந்தை நீட்டிப்பது போக்குவரத்துக் கழகத்தின் முடிவு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவரை நியமிப்பது சுகாதாரத் துறை. மதுக்கடையை மூடும் ஆணை அரசிடமிருந்தே வர வேண்டும். நூறு நாள் வேலையில் நாள் எண்ணிக்கையையும் கூலியையும் தீர்மானிப்பது மத்திய அரசின் சட்டமும் அறிவிப்பும். எந்த ஊராட்சித் தலைவராலும் அதை ஒரு ரூபாய்கூட உயர்த்த முடியாது.

சாலையிலும் ஏரியிலும் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் ஊரைப் பிரதான சாலையோடு இணைக்கும் தார்ச்சாலை ஒன்றியச் சாலையாகவோ நெடுஞ்சாலைத் துறையின் சாலையாகவோ இருக்கலாம்; அப்படியானால் தலைவர் அதில் ஒரு குழியை அடைப்பதற்கும் அந்தந்த அலுவலகத்தைத்தான் நாட வேண்டும். ஏரியின் பாசனப் பரப்பு சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக அது நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டிலும், அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கும். ஊருணி, குட்டை போன்றவைதான் நேரடியாக ஊராட்சியின் கைக்கு வருகின்றன. ஆகவே ஏரியைத் தூர்வாருவேன் என்கிறவரிடம் அந்த ஏரி யார் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். பல ஆண்டுகளாக ஊர் அரசியலில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வேறு துறைக்குரியவை என்பதற்காக அவற்றையெல்லாம் பொய் வாக்குறுதிகள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஊரின் வாக்காளர்கள் எல்லோரும் கூடும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, உரிய அலுவலருக்கு அனுப்பி, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மாதக்கணக்கில் பின்தொடர்ந்து காரியத்தை முடித்த தலைவர்கள் உண்டு. பேருந்து விடுவேன் என்கிறவரைவிட, எந்தப் பணிமனையின் பேருந்தை எங்கிருந்து எதுவரை நீட்டக் கேட்கப் போகிறேன் என்று சொல்பவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். முன்னவர் ஊரை ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பின்னவர் அந்த வேலையை ஏற்கெனவே பாதி யோசித்திருக்கிறார்.

பணம் எங்கிருந்து வரும்?

ஊராட்சிக்குச் சொந்த வருவாய் உண்டு: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், குத்தகை, உரிமக் கட்டணங்கள் முதலியன. தொழில் வரிக்கு அரசமைப்புச் சட்டமே ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தொழிற்சாலையோ கல்லூரியோ எல்லைக்குள் இருக்கும் ஊராட்சிகளுக்கு இவ்வருவாய் கணிசமாக இருக்கும். விவசாயத்தை மட்டும் நம்பிய ஊராட்சிகளில் மிகக் குறைவாகவே இருக்கும். ஒரு பேச்சுக்கு, 600 வீடுகள், வீட்டுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 150 ரூபாய் வரி என்று வைத்தால், எல்லோரும் கட்டினாலும் 90,000 ரூபாய்தான் வரும். அந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு நோட்டீசை மறுபடி படித்துப் பாருங்கள்.

எனவே பெரும்பாலான ஊராட்சிகள் மானியங்களை நம்பியே இயங்குகின்றன. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசு தரும் மானியம் ஒன்று. மத்திய நிதிக்குழு மானியம் மற்றொன்று. மின் கட்டணத்தையும் பல ஊர்களுக்குச் சேர்த்துத் தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கான கட்டணத்தையும் கட்டுவதற்கென்றே ஊராட்சியில் தனி வங்கிக் கணக்கு வைக்கப்படுகிறது. வரும் பணத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும் என்பதைத் தலைவராக விரும்புகிறவர் அறிந்திருக்க வேண்டும். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைப் பணிகளுக்கும் மட்டுமே செலவிடத்தக்கது. மீதி 40 விழுக்காட்டையே ஊரின் பிற தேவைகளுக்குப் பயன்படுத்தலாம், அதிலும் சம்பளம் போன்ற நிர்வாகச் செலவுகளுக்கு இடமில்லை. 2026 முதல் 2031 வரை 16ஆவது நிதிக்குழுவின் காலம். மத்திய அரசு பணம் வருகிறது, அதில் நுழைவு வளைவு கட்டுவேன் என்று ஒருவர் சொன்னால், எந்த மானியத்தில், எந்தத் தலைப்பில் என்று நிதானமாகக் கேளுங்கள்.

சட்டமன்ற உறுப்பினர் நிதியில் வாங்கித் தருவேன் என்பது அடிக்கடி கேட்கும் பதில். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. கேட்கும்போது பெரிதாகத் தோன்றும் இத்தொகையை, ஒரு தொகுதிக்குள் இருக்கும் பல பத்து ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் நகராட்சி வார்டுகளும் பங்குபோட வேண்டியிருக்கிறது. உங்கள் ஊருக்கு ஐந்தாண்டில் ஒரு நிழற்குடையோ ஒரு வகுப்பறையோ வரலாம். அதற்கு மேல் அந்த நிதியை நம்பி எழுதப்பட்ட வாக்குறுதிகளைப் பென்சிலால் அடித்துவிடலாம்.

வீட்டு வரியை ரத்து செய்வேன் என்னும் வாக்குறுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எளிதில் கைத்தட்டல் வாங்குகிறது. வீட்டு வரி சட்டப்படி விதிக்கப்படுவது. ஒரு தலைவர் தன் விருப்பத்தில் அதை நீக்க முடியாது. வரியை வசூலிக்காமல் விட்டால், சுதந்திரமாகச் செலவிடக்கூடிய சொந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஊராட்சி இழந்துவிடும். அதே நோட்டீசில் புதிய தெருவிளக்குகளும் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 20 வாட் எல்இடி விளக்குகள் 200 இருக்கும் ஊரில், இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 48 யூனிட், மாதத்துக்கு 1,440 யூனிட் மின்சாரம் ஆகும். கூடுதலாக 100 விளக்கு போட்டால் மாதம் 720 யூனிட் ஏறும். விளக்கு வாங்க ஒரு திட்டம் கிடைத்துவிடலாம். மாதாமாதம் வரும் மின் கட்டணத்துக்குத் திட்டம் கிடைக்காது.

தண்ணீர் வாக்குறுதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தல்

ஊராட்சித் தேர்தலில் தண்ணீர் இல்லாத நோட்டீசே இருக்காது. தண்ணீரைப் பற்றிய வாக்குறுதியைக் கணக்கால் சோதிக்க முடியும் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. உங்கள் ஊராட்சியில் 3,000 பேர் என்றால் நாளொன்றுக்கு 1,65,000 லிட்டர் தேவை. ஊரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருந்தால், அதை நாளுக்கு ஐந்தரை முறை நிரப்பியாக வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் நிமிடத்துக்கு 100 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம்; மணிக்கு 6,000 லிட்டர், முழுத் தேவைக்கு இருபத்தேழரை மணி நேரம். நாளுக்கு 24 மணி நேரந்தான் இருக்கிறது என்பதால், ஒரு போர் கிணற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் முழுவதற்கும் தடையின்றித் தண்ணீர் என்பது அந்த ஊரில் நடக்காது. இரண்டாவது கிணறு வேண்டும், அல்லது கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வரும் அளவு கூட வேண்டும். கூட்டுக் குடிநீரின் அளவு குடிநீர் வடிகால் வாரியத்தோடு தொடர்புடையது, உங்கள் தலைவரின் கையில் இல்லை.

இப்போது வேட்பாளர் சொல்வதைப் பாருங்கள். புதிய மேல்நிலைத் தொட்டி கட்டுவேன் என்கிறார். தொட்டி கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டில் பெயர் போடலாம். ஆனால் தொட்டி தண்ணீரைச் சேமிக்குமே தவிர உண்டாக்காது. ஊற்று இல்லாத ஊரில் இரண்டாவது தொட்டி கட்டினால் இரண்டு தொட்டிகளும் பாதி காலியாக நிற்கும். எந்த நீராதாரத்திலிருந்து நிரப்புவீர்கள், கோடையில் அந்தக் கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கிறது, மேட்டுத் தெருவுக்குத் தனி வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் விடை மேல்நிலைத் தொட்டியைக் கவனிக்கும் ஓஎச்டி ஆபரேட்டருக்குத் தெரியும். தினமும் மோட்டாரைப் போட்டு வால்வைத் திறந்து மூடுகிறவர் அவர்தான். எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் தண்ணீர் போகிறது, எந்த இடத்தில் குழாய் கசிகிறது, எந்த வீடுகளில் குழாயோடு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று அவர் அடுக்கடுக்காகச் சொல்வார். அவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து நோட்டீசைப் படித்தால், வேட்பாளர் அவரிடம் ஒருமுறையாவது பேசியிருக்கிறாரா இல்லையா என்பது உங்களுக்கே புலப்படும்.

பல ஊர்களில் புதிய தொட்டியைவிட, கசிவை அடைப்பதும், வால்வுகளைச் சீரமைப்பதும், முறைகேடான இணைப்புகளைத் துண்டிப்பதும் அதிகத் தண்ணீரைக் கொண்டுவரும். இதற்குச் செலவு குறைவு, எதிர்ப்பு அதிகம். முறைகேடான இணைப்புகளைத் துண்டிப்பேன் என்று தேர்தலுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லும் வேட்பாளர் கிடைத்தால், அவர் சில வாக்குகளை இழக்கத் துணிந்துதான் அதைச் சொல்கிறார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பணி முடிய எவ்வளவு காலம் பிடிக்கும்?

நூறு நாளில் எல்லாம் முடியும் என்கிற வாக்குறுதியை, ஒரு பணி நடக்கும் முறையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சிமென்ட் சாலை போட மன்றத் தீர்மானம் வேண்டும்; ஒன்றியத்தின் பொறியாளர் பிரிவு எஸ்டிமேட் (செலவு மதிப்பீடு) போட வேண்டும்; நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் கிடைக்க வேண்டும்; டெண்டர் விட வேண்டும்; வேலை நடந்தபின் ஓவர்சியர் அளந்து எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுதினால்தான் பில் தொகை போகும். ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையொப்பமிட வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் பகை மூண்டு, கையெழுத்து விழாமல் ஊர் வேலை நின்றுபோன ஊராட்சிகள் பல. ஆகவே எல்லோரையும் எதிர்த்துத் தனியாகச் சாதிப்பேன் என்கிறவரிடம், வார்டு உறுப்பினர்களோடு எப்படி நடந்துகொள்வார் என்று கேட்பது தேவையற்ற கேள்வி அன்று.

எஸ்டிமேட் தொகை எவ்வளவு இருக்கும் என்று அறியப் பக்கத்து ஊருக்குப் போனால் போதும். அண்மையில் கட்டிய சிறு பாலம், நாடகமேடை, கழிவுநீர் வாய்க்கால் ஆகியவற்றின் அருகே ஒரு பலகையோ சுவரில் எழுதிய கட்டமோ இருக்கும். திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை, சில இடங்களில் நீளமும் அகலமும் அதில் எழுதப்பட்டிருக்கும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேட்பாளர் சொல்லும் அதே வகைப் பணிக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு பணம் கிடைத்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை.

திட்டங்களின் முறைவரிசையையும் பாருங்கள். 2021-22இல் தொடங்கிய, ஊராட்சிகளின் அடிப்படை வசதிகளுக்கான மாநில அரசுத் திட்டமான அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டம், மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஐந்தாண்டுகளில் பகுதி பகுதியாக எடுத்துக்கொள்வதாக அமைக்கப்பட்டது. முறை வரும்போது யார் தலைவராக இருந்தாலும் பணி வரும். அப்படி வந்ததைத் தன் தனிச் சாதனையாகச் சொல்லிக்கொள்ளும் பழைய தலைவரையும், அதே பணத்தை இரண்டாம் முறை வாங்குவேன் என்கிற புதியவரையும் ஒரே அளவுகோலால் சோதியுங்கள்.

பழைய பதிவுகளைத் தேடுங்கள்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்களே. ஐந்தாண்டில் 30 கூட்டங்கள். இவற்றில் எத்தனைக்கு வேட்பாளர் வந்தார், என்ன பேசினார் என்று ஊரில் விசாரித்தால் தெரியும். தோற்ற பிறகும் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்டவர் என்றால் அது நல்ல அடையாளம். ஐந்தாண்டுகளாகக் கிராம சபையின் பக்கம் எட்டிப் பார்க்காதவர் தேர்தல் நேரத்தில் மட்டும் குடிநீரைப் பற்றிக் கவலைப்பட்டால், அந்தக் கவலையின் வயதை நினைவில் கொள்ளுங்கள்.

இ-கிராம் ஸ்வராஜ் என்னும் மத்திய அரசின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துச் சென்றால், உங்கள் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தையும் நிதிக்குழு மானியத்தின் வரவு செலவையும் காணலாம். எல்லாப் பதிவுகளும் முழுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் ஊராட்சிக்கு ஓராண்டில் எந்த அளவு பணம் வருகிறது என்ற தோராயமான உணர்வு அதிலிருந்து கிடைக்கும். கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கடந்த மூன்றாண்டு வரவு செலவு அறிக்கையின் நகல் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாள்களுக்குள் மாற்றி அனுப்புவது அவர்களின் கடமை. தேர்தல் அறிவிப்பு வந்தபின் எழுதினால் வாக்குப்பதிவுக்குள் பதில் வராமல் போகலாம் என்பதால் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

ஒரு நடைமுறை விவரம்: 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் சென்றது. ஆகவே ஊரில் அதன்பின் நடந்ததையோ நடக்காததையோ பழைய தலைவரின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

வேட்பாளரிடம் நேரில் கேளுங்கள்

வாசலுக்கு வாக்குக் கேட்டு வரும்போது கும்பலாக வருவார்கள். அப்போது கேள்வி கேட்டால் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்லிவிடுவார். காலையில் டீக்கடையிலோ மாலையில் அவர் வீட்டுத் திண்ணையிலோ தனியாகப் பார்ப்பது நல்லது. அண்ணே, அக்கா என்று நீங்கள் வழக்கமாக அழைப்பது போலவே அழைத்து, மரியாதையாகக் கேளுங்கள்: நோட்டீசில் உள்ளவற்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எதை முதலில் எடுப்பீர்கள்? அதற்கு எந்த நிதி? முதல் கிராம சபையில் என்ன தீர்மானம் வைப்பீர்கள்? தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். இரண்டு நாள் கழித்துக் கேட்டுச் சொன்னாரா என்பதுதான் முக்கியம்.

தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் 50 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய ஊராட்சிகளில் கணவரோ மகனோ முன்னால் நின்று எல்லா வாக்குறுதியையும் தருவதைப் பார்க்கிறோம். கேள்வியை அந்த அக்காவிடமே கேளுங்கள், பதிலையும் அவரிடமே எதிர்பாருங்கள். கையொப்பமிடப் போகிறவரும் சட்டப்படி பதில் சொல்லப் போகிறவரும் அவர்தான். பெயருக்கு மட்டும் நிறுத்தப்பட்டவரா, ஊரை நடத்தும் எண்ணம் உள்ளவரா என்பது பத்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும். அப்படிப் பேச வாய்ப்புக் கிடைக்கும்போது, கூட இருக்கும் ஆண்களைவிடத் தண்ணீர்ப் பிரச்சினையை நுட்பமாகச் சொல்லும் பெண் வேட்பாளர்கள் பலர்.

சொந்தச் செலவில் செய்து தருகிறேன் என்பதையும், கோயில் திருப்பணிக்கு இவ்வளவு தருகிறேன், போட்டியின்றி விட்டுவிடுங்கள் என்பதையும் வாக்குறுதிகளின் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது. பதவியை ஏலம் விடுவதும் வாக்குக்குப் பொருள் தருவதும் குற்றங்கள். 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளரின் செலவுக்கு 34,000 ரூபாயும் வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாயும் உச்சவரம்பாக இருந்தன. இலட்சக்கணக்கில் இறைப்பவர் அந்தப் பணத்தை எங்கிருந்து மீட்பார் என்பதை யோசித்தால், அவருடைய காலத்தில் போடப்படும் சிமென்ட் சாலையின் கனம் குறையும் என்று ஊகிக்கலாம். வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து விவரமும் வழக்கு விவரமும் இருக்கும். அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

எல்லா வேட்பாளர்களின் நோட்டீசுகளையும் தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். முடிவு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் வேட்பாளர்கள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பின் வரும் முதல் கிராம சபைக்கு வென்றவரின் நோட்டீசோடு போய், அதில் ஊராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று நீங்கள் குறித்த வரிகளில் ஒன்றைத் தீர்மானமாக எடுக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்திட்டு வாருங்கள்.